தத்துவமும் தடுப்புக் கம்பியும்

மார்ச் 3

மாலைக் கல்லூரியில் கணக்குப்பதிவியலுக்கு இடமில்லை. கணினிக்கும் இல்லை. மிச்சமிருந்தது தத்துவ அறிமுகம். சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பில் முதல் கேள்வி: யாரும் பார்க்காதபோது மேசை இருக்கிறதா? மேசையைத் தூக்கி மாடியேற்றியவன் எவனும் இதைக் கேட்டிருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். “நீ பார்க்காதப்பவும் உன் எச்சித்தட்டு தொட்டியில அப்படியேதான்டி கிடக்குது. நானே சாட்சி” என்றாள்.

மார்ச் 7

அண்ணியின் கை உருளையில் மாட்டிவிட்டது.

சலவைக்கூடத்தில் எனக்குத் துணி மடிக்கும் மேசை, அவளுக்கு உருளை இஸ்திரி. ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்பை முனை பிடித்து விட்டால் சுடும் உருளை இழுத்துக்கொள்ளும். அதன் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கை பட்டால் எல்லாம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது, வேலை கெடுகிறது என்று போன மாதம்தான் அதைக் கழற்றச் சொன்னார் மேற்பார்வையாளர். எங்களுக்கு அவர் ‘விசிறி’. மின்விசிறிக்கு நேர் கீழே அல்லாமல் வேறெங்கும் அவரைக் கண்டவரில்லை.

இரண்டு விரல். சை, எழுத வரமாட்டேங்குது. அந்த ஆளு என்ன சொன்னான்? “நான் பார்க்கலியேம்மா. கம்பி இருந்திருந்தா நடந்திருக்காதுன்னு உனக்கெப்படித் தெரியும்?”

இவனையா நான் படிக்காதவன் என்று நினைத்தேன்!

மார்ச் 10

இன்றைய பாடம்: அடுத்தவருக்கு வலிக்கிறது என்பதை நாம் எப்படி அறிவோம்?

விசிறி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டைப் பார்த்தார். “மேல்தோல்தானே, அவ்வளவா வலிக்காது.”

“இல்ல சார், குளுகுளுன்னு இருக்கு” என்றாள் அண்ணி.

மார்ச் 12

கட்டு மாற்றினார்கள். அண்ணி என் தோளைக் கடித்துவிட்டாள். அடுத்தவர் வலியை அறிந்துகொண்டேன்.

மார்ச் 16

விசிறி மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்: “அவங்களாத்தான் கையை விட்டாங்க, யாரும் பிடிச்சுத் தள்ளல.” விசாரணைக்கு ஆள் வருகிறதாம். கவனக்குறைவு என்று முடிவானால் அண்ணிக்கு வேலை இல்லை. அண்ணன் செருப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

வகுப்பில் இன்று சுயவிருப்பம். மனிதன் தானாகச் செய்கிறானா, செய்விக்கப்படுகிறானா? எழுந்துவிட்டேன். “விரிப்பு சுருங்கினாலும் திட்டு, மெதுவா விட்டாலும் திட்டு. ரெண்டுக்கும் நடுவுல கை எங்க மேடம் போகும்?”

“அது பாடத்துல பின்னாடி வருதும்மா.”

“எங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு மேடம்.”

பின்வரிசை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17

இயந்திரம் பாதுகாப்புச் சோதனையில் தேறியதாம், அதற்கான சான்றுத் தகடே அதில் அடித்திருக்கிறதாம். விசிறியின் அடுத்த வாதம். மெக்கானிக்கைக் கேட்டேன். உருளை மாற்றியாயிற்று, மோட்டார், பெல்ட், சுவிட்சு எல்லாம் மாற்றியாயிற்று.

“அப்ப தேறினது எதுண்ணே?”

“தகடும்மா. அதை மட்டும்தான் மாத்தல.”

பலகை பலகையாக மாற்றப்பட்ட படகு அதே படகுதானா என்று பாடத்தில் ஒரு புதிர் உண்டு. ஏறுகிறவனுக்கு நீச்சல் தெரிந்தால் நல்லது என்பேன் நான்.

மார்ச் 20

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். விசிறி அளந்தார், அளந்தார்... கம்பி இல்லாவிட்டாலும் ஆபத்தே இல்லையாம், கவனம் போதுமாம். நான் புதிர்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. வந்தது இதுதான்: “அப்ப நீங்களே ஒரு விரிப்பை விட்டுக் காட்டுங்க சார்.”

கூடமே நிமிர்ந்தது. துணி தள்ளும் அக்கா வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

விசிறி விரிப்பை வாங்கினார். ஒரு கை தூரத்தில் நின்று, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி நுனியைப் பிடித்து வீசினார். கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. எடுக்கக் கை நீட்டினார். கை பாதியிலேயே திரும்பி வந்துவிட்டது.

“ஏன் சார் தள்ளி நிக்கிறீங்க?” என்றார் அந்த அம்மா.

“சுடும் மேடம்.”

“யாருக்கு?”

துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் மெக்கானிக் ஓடிப்போய் நிறுத்தினார்.

மார்ச் 24

கவனக்குறைவு என்ற பேச்சு போய்விட்டது. கம்பி வருகிறது. என்னை ஈரத்துணிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ‘நிர்வாகக் காரணம்’. இந்தப் பாடம் மட்டும் எனக்கு விளக்கமே இல்லாமல் புரிகிறது.

ஏப்ரல் 28

அண்ணி வேலைக்குத் திரும்பினாள். ஒரு விரல் இன்னும் மடங்கவில்லை. ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் புதுக் கம்பியில் முழங்கையைச் சாய்க்கிறாள். உருளை நிற்கிறது. நிதானமாகக் குடிக்கிறாள்.

விசிறி தன் காற்றை விட்டு எழுந்தே வந்துவிட்டார். “யாரும்மா நிறுத்தினது?”

அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டாள். “யாரும் நிறுத்தல சார். அதுவா நின்னுச்சு.”