முதல் அங்குலம் இல்லாத டேப்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் தையல் மிஷினும் முழங்கால் இரண்டும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சத்தமில்லாமல் சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்துக்கு நாற்பத்தொரு நாள் கழித்து நாலே வரியில் பதில் போட்டாய், அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

விஷயம் உன் மகளைப் பற்றியது. வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள், என் மானத்தைத்தான் வாங்கிவிட்டாள். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாளே, அதில் வேலை செய்த இடத்தில் உனக்கு நடந்த அநியாயம் என்ன, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கட்டுரை கேட்டிருந்தார்களாம். அவள் எழுதி வைத்ததை நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். யாரோ ஒரு முதலாளியம்மா வாடிக்கையாளர் முன்னாலேயே இவளைத் திட்டி, ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, மூன்று நாள் பொத்தான் பிரித்துவைக்கச் சொன்னாளாம். எனக்கு வந்ததே கோபம். யாருடி அந்த ராட்சசி, கடையைக் காட்டு, கத்தரியோட வரேன் என்று எழுந்துவிட்டேன். உன் மகள் சாவகாசமாக, எதுக்கு எழுந்திரிக்கிறீங்க பாட்டி, அந்தக் கடைக்குள்ளதானே உக்காந்திருக்கீங்க என்கிறாள்.

அப்புறம்தான் உறைத்தது. போன வருட விடுமுறையில் எனக்கு ஒத்தாசையாகக் கடையில் வேலை பார்த்தாளே, அப்போது நடந்த வங்கிக் காவலாளியின் பேண்ட் விவகாரம். இவள் வெட்டின கால் ஓர் அங்குலம் குட்டையாகப் போய், இது எனக்கா என் பையனுக்கா என்று அவர் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இரண்டு நாள் வாலுவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. எழுதியது உண்மைதான் என்று முதலாளி கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். அது போனால் கல்லூரியும் போச்சு, என் பக்கத்து மிஷினில்தான் அவள் உட்கார வேண்டும் என்பது உனக்கே தெரியும். அவள் தாளை மிஷின் மேல் வைத்துவிட்டு, நூல் சுற்றின பாபினையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

போட்டேன். ஆனால் தப்பும் தவறுமாக எழுதினதற்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான் இல்லை. மூன்று நாளாம், செவ்வாயிலிருந்து வெள்ளி வரை நான்கு நாள். ஒரு தடவை திட்டினேனாம், பதினோரு தடவை, சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது, எல்லாம் எழுதினேன், தாளின் பின்பக்கமும் நிரம்பிவிட்டது. கடைசியில் அவளுக்கே தெரியாத ஒன்றையும் எழுதினேன். நம் கடை டேப்பில் முதல் அங்குலம் நைந்துபோனதென்று எப்போதோ நானே வெட்டிவிட்டேன். அதில் எதை அளந்தாலும் ஓர் அங்குலம் கூடுதலாகத்தான் காட்டும். முப்பது வருடமாக மனசுக்குள் ஒன்று கழித்துத்தான் அளவு சொல்வேன், அதை அவளிடம் சொல்லவில்லை. கழித்துச் சொன்ன அளவை அதே டேப்பில் வைத்து வெட்டினால் குட்டையாகாமல் என்ன ஆகும். அன்று சாயங்காலமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நான்கு நாள். வாலு அதைப் படித்துவிட்டு மூக்கை என் தோளில் துடைத்துக்கொண்டாள்.

கிடைத்துவிட்டது மகளே, நேற்று முன்தினம் கூப்பிட்டுச் சொன்னார்கள். இன்னமும் அங்கதான் வேலை பாக்கிறியாம்மா, உடனே விட்டுடு என்று அந்த அதிகாரி அவளுக்கு ரகசியமாகப் புத்தி சொன்னாராம். வாலு சந்தோஷத்தில் எனக்குப் புது டேப் வாங்கிக் கொடுத்தாள், முதல் அங்குலத்தோடு. அந்தக் காவலாளிக்கு ஒரு பேண்ட் இனாமாகத் தைத்து வாயை அடைக்கலாமென்று அதில் அளந்தேன். பழக்கதோஷம், ஒன்று கழித்துவிட்டேன். மனிதர் போட்டுப் பார்த்து, தன் கணுக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை திட்டுவதற்குக் கடையில் வேறு ஆள் இல்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மகளுக்கு வாழ்த்து எழுது, நாலு வரிக்கு மேல் எழுது, எண்ணிப் பார்ப்பேன். இதை நான் ஸ்டூலைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்று முதல் நாள். மூணு நாள் போதும் பாட்டி என்கிறாள் வாலு. ஒன்று கழித்து நான் பட்டது போதும், நான்கு என்றால் நான்குதான்.

இப்படிக்கு,
சுவரைப் பார்த்தபடி,
உன் அம்மா