தாய்க்குரங்கு தேடிய இடம்

உகாண்டா, 1963

பிரியமுள்ள ரஹ்மத்துன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உன் உடம்பு தேறியதா, உம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று எழுது.

இங்கே பெரிய விசேஷமில்லை. குரங்குகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் துரைசாணிக்கு ஜீப் ஓட்டுகிறேன். காட்டில் அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தருவிக் குரங்குகள்போல் இவை கையில் உள்ளதைப் பறிப்பதில்லை. ஆளைக் கண்டாலே ஒதுங்கிவிடும்.

ஒரு தாய்க்குரங்கு செத்த குட்டியைச் சுமந்துகொண்டே திரிந்தது. நேற்று அதைக் கீழே வைத்துவிட்டு மரமேறியது. விட்டுவிட்டது என்று எண்ணினேன். மையித்தை அடக்கத் தாமதிக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் அல்லவா, துரைசாணி மற்றக் குரங்குகளின் பின்னால் போயிருந்த நேரத்தில் குழி தோண்டி அடக்கிவிட்டேன். தாய்க்குரங்கு பழம் தின்றுவிட்டு இறங்கி வந்தது. வைத்த இடத்தில் இலைகளைப் புரட்டிப் புரட்டி, இருட்டும்வரை தேடியது.

நம் பிள்ளை மவுத்தான அன்று, "இன்னும் கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிடுதேன்" என்று நீ கெஞ்சியும் ஆண்கள் அடக்கத்துக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டதாக எழுதியிருந்தாய். நேற்று ராத்திரி அந்தக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

அடுத்த தெரு பீர் மைதீன் கப்பலேறப் போகிறானாம். அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. பிள்ளையின் குல்லா இரண்டு இருந்தால் ஒன்று அனுப்பு. ஒன்றுதான் என்றால் நீயே வைத்துக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே.

துரைசாணி கூப்பிடுகிறார்.

கிதிர் முகம்மது