வாலில்லாத அட்டைப் பூனை

ஆவணி 6, செவ்வாய்.

வாலைத் தூக்கி நிற்கும் பூனையைக் கண்டால் இன்னொரு பூனை பயமில்லாமல் நெருங்குமா? அதைப் பார்க்கத்தான் அட்டையில் கருப்புப் பூனை வெட்டிப் பொதுச்சுவர்மேல் வைத்தேன். இன்று அமாவாசை என்பதைக் கவனிக்கவில்லை. அது என் தவறுதான்.

அடுத்த வீட்டு தனம் கத்தினாள். "இன்னா சார் இது? அமாவாச அதுவுமா எங்க வூட்டப் பாத்து கருப்புப் பூனைய வெச்சிக்கினு! யாருக்குங்க செய்வினை? வடக்கனந்தல் பூசாரியக் கூட்டியாரட்டா?"

அதற்குள் அவள் வீட்டுப் பூனை தன் வாலையும் தூக்கிக்கொண்டு அட்டையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டடிதான் பாக்கி. தனம் அட்டையின் வாலைப் பிய்த்து எறிந்தாள். பூனை நின்றுவிட்டது.

மகன், "வுடுங்கப்பா, மானம் போவுது" என்றான். வழக்கமாக அத்துடன் அடங்கிவிடுவேன். இன்று, "நிறுத்தமாட்டேன்" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

பூனை நின்றது வால் போனதாலா, தனம் போட்ட சத்தத்தாலா? தெரியவில்லை. தூக்கிய வால், தொங்கிய வால் என்று இரண்டுதான் வெட்டியிருந்தேன். வாலே இல்லாத ஒன்றும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தனம் செய்துகொடுத்துவிட்டாள். நாளை முதலில் அதைத்தான் சுவரில் வைப்பேன். பூசாரி வந்தால் அவரும் உட்கார்ந்து பார்க்கட்டும், சத்தம் போடாமல்.