தறி தானாக ஓடாமல் இருக்க நீ எழுதிய வரிகள்

திங்கட்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. தறி மோட்டாரை இயக்கும் ‘கர்னல் டிரைவர்’ என்ற மென்பொருளில் நீ சேர்த்த பாதுகாப்புச் சோதனை இனித் தேவையில்லை, நீக்கிவிடலாம் என்று. கோப்பைத் திறந்தேன். அந்த வரிகளுக்கு நேரே உன் பெயர் இருந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

குமாரபாளையத்துத் தறிக்கூடத்துக்கு நாம் முதலில் போன அன்று கரண்ட் இல்லை. ஓர் அக்கா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். கரண்ட் வந்ததும், யாரும் பொத்தானை அழுத்தாமலே தறி ஓடியது. கடைசியாகக் கொடுத்த கட்டளையை, மோட்டார் போர்டில் இருந்த பழைய சிப் மறக்காமல் வைத்திருந்தது. அக்காவுக்கு ஒரு நகம் பிய்ந்ததோடு போயிற்று. உன் கைக்குட்டையால் நீதான் கட்டிவிட்டாய்.

சிப் செய்தவர்களின் தவறு, அவர்களே சரிசெய்யட்டும் என்றார் நம் மேலாளர். நீ குரலை உயர்த்தவில்லை.

“அவுங்க சரி பண்ற வரைக்கும் அந்தக்கா கையை எங்கீங்க வெக்கறது?”

அன்றே அந்த வரிகளை எழுதினாய். கரண்ட் வந்ததும் டிரைவர் பழைய கட்டளையை அழித்துவிடும். யாராவது பொத்தானை அழுத்தும்வரை மோட்டாரை ஓடவிடாது.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, போய் வேலையைப் பார் என்றாய். உன் காரியம் முடிந்த மறுநாள் அதைத்தான் செய்தேன்.

இப்போது சிப் செய்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். புதிய சிப் கரண்ட் போனதும் எல்லாவற்றையும் தானே மறந்துவிடுகிறது. உன் வரிகளை எடுத்துவிட்டு, புதிய போர்டோடு அதே கூடத்துக்குப் போனேன். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, தறியை ஓடவிட்டு மெயினை அணைத்துப் போட்டேன். தறி அசையவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அசையவே இல்லை.

“அந்தத் தம்பி வரலீங்களா?” என்று அக்கா கேட்டார்.

“போன ஐப்பசியில தவறிட்டாப்லீங்கக்கா.”

“தெரியாம கேட்டுப்போட்டனுங்க” என்றார்.

திரும்பி வந்து திருத்தத்தை அனுப்பினேன். காரணம் எழுதும் இடத்தில், சிப்பே பார்த்துக்கொள்கிறது என்று மட்டும் எழுதினேன். அது உண்மை. நீ இருந்திருந்தால் நீயே நீக்கியிருப்பாய். அழுகை வருமென்று இருந்தேன். வரவில்லை. சாப்பிடப் போனேன்.

எந்த சுவிட்சைப் போடும்போதும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. இன்று காலை மிக்ஸியைப் போடுமுன், “கையை எடுத்துட்டீங்களா?” என்று கேட்டேன். சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.