நேரான ஜன்னல் கம்பி

வேப்பந்தட்டை,
ஐப்பசி மாதம்.

அன்புத் தம்பி அமிர்தலிங்கத்துக்கு,

அக்கா பொன்னுத்தாய் சொல்ல, மகள் சிந்து எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். பாடாலூரில் நீ, சசிகலா, மருமகன் கலைவாணன் மூவரும் சுகமாக இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறேன். எனக்கு இப்போது காகிதத்தின் ஓரம்தான் தெரிகிறது, நடுவில் ஒரே புகை.

மழை பரவாயில்லை. மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது.

சிந்துவுக்கு அரியலூரில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. தை மாதம் கல்யாணம். முறைப்பையன் இருக்கும்போது வெளியில் கொடுக்கிறாயே என்று எல்லாரும் கேட்கிறார்கள். போன மாசியில் நீங்கள் பரிசம் பேச வந்த அன்று சசிகலா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "குருட்டு வம்சத்துல பொண்ணு எடுக்க மாட்டோங்க." நீ பக்கத்தில் நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

பங்குனியில் திருச்சி டாக்டர் எல்லாம் விளக்கினார். விழித்திரைக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். கொலாஜன் என்ற புரதம்தான் அதற்குப் பலம். நம் குடும்பத்தில் அது பிறவியிலேயே பழுது. வயதானால் சவ்வு விரிசல் விட்டு ரத்தம் கசியுமாம். அப்பாவிடமிருந்து வந்தது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாம். சிந்துவின் ரத்தத்தைச் சோதித்தார்கள், அவளுக்கு இல்லை. கூடப்பிறந்தவர்களுக்கு நேர்க்கோடு வளைந்து தெரிந்தால் உடனே அழைத்து வரச் சொன்னார். அப்போதே ஊசி போட்டால் பார்வையைக் காப்பாற்றலாம், தாமதித்தால் முடியாது என்றார்.

வைகாசியில் நீ புதுவீடு குடிபோனபோது, ஜன்னல் கம்பி கோணல் என்று ஆசாரி சாமிக்கண்ணுவைப் பந்தியில் வைத்து ஏசினாய். அவர் தூக்குக்குண்டு பிடித்துக் காட்டியும் நீ நம்பவில்லை. சசிகலாவும் உன்னோடு சேர்ந்து திட்டினாள். நான் போய்க் கம்பியைத் தடவிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பாயசத்தைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இப்போது சொல்லிவிட்டேன். கலைவாணனையும் கூட்டிப்போய்ச் சோதித்துக்கொள். அவனுக்குப் பெண் பார்க்கும் இடத்தில் இதை மறைக்காதீர்கள். சசிகலாவுக்கு வெளிப்படையாகப் பேசத் தெரியும்.

கல்யாணத்தில் தாய்மாமன் மாலை நீதான் போடவேண்டும். அதற்குள் உனக்கும் பந்தல் தெரியும், கூட்டம் தெரியும், எதிரில் நிற்கிற முகம்தான் தெரியாது. பயப்படாதே, சிந்து உன் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போவாள். நீ நூறு வயது இருக்கவேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிறேன்.

உன் அக்கா,
பொன்னுத்தாய்.

பி.கு.: சிந்துவைப் பெரிய எழுத்தாகத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் தெரியவில்லை என்றால் சசிகலா படித்துக் காட்டட்டும்.