அந்த ஒரு வாரம் நீ இங்கே வா

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அப்பாவுக்கு வாங்கி அனுப்பிய நடைக் காலணியின் அடிப்பக்கம் இன்னும் புதிதாகவே இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி வருவதாக அவர் சொல்கிறார், நீயும் போனில் கேட்டுச் சந்தோஷப்பட்டாய், ஆனால் வாசலில் அதைத் துடைத்து வைக்கும்போது பார்த்தேன், விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூட அடியில் அப்படியே இருந்தது. இதைச் சொல்லிவிட்டு நலம் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எப்படி இருக்கிறாய், நீ வேலை பார்க்கும் கிடங்குக்குள் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்றாயே, உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளிச் சட்டை வாங்கினாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். நாங்கள் மூன்று பேரும் சுகம் என்றும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இது அம்மாவின் கடிதம்தான். வேலை செய்யும் கேன்டீனில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறாள், அதனால் அவள் சொல்ல நான் எழுதுகிறேன். பயப்படாதே, சமையலறையில் என்னை விரட்டுவதற்கு இடது கையே அவளுக்குப் போதும். இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது, இரண்டு அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது, நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார். நீ கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலையிலிருந்து யாரோடும் பேசுவதில்லை, ஏதோ கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் இல்லை, உனக்காக மூச்சைச் சேர்த்துவைக்கிறார். உன்னோடு சத்தமாகச் சிரித்துப் பேசி முடித்துவிட்டு அப்புறம் விளக்கு போடும்வரை சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இப்போது அவர் நடக்கப் போயிருக்கும் நேரம், அதனால்தான் எழுத முடிகிறது.

காலணி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். நீ ஊமைக்கோட்டான், உன்னை யார் கவனிக்கப் போறாங்க, பின்னாடியே போய்ப் பாத்துட்டு வா என்று அனுப்பினாள். ரொட்டிக் கடையில் எனக்கு லீவு நாள் அது, போனேன். தெருமுனை திரும்பியதும் அப்பா முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தார், அவ்வளவுதான் அவருடைய நடை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். முடிதிருத்துபவர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "வாம்மா, உங்க அப்பா ஒரு மாசமா இங்கதான் ஊரைச் சுத்துறாரு. சும்மா உக்கார மாட்டாராம், தெனமும் ஷேவ் பண்ணச் சொல்றாரு. முகத்துல இனிமே எடுக்க ஒண்ணும் இல்லம்மா, வெறும் நுரையை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் சொன்னதையும் எழுதச் சொல்கிறாள். அப்பாவின் இதயம் பெரிதாகி, பாதி வேலைகூடச் செய்யவில்லையாம், கால் வீங்குவது அதனால்தான். மருந்தைக் கூட்டுவதற்கும் இனி இடமில்லை என்றார். நாம் நாலு பேரும் ஒரு வாரம் சுற்றிப் பார்க்க நீ ஏற்பாடு செய்திருக்கும் அந்த ஊருக்கு அவரைக் கூட்டிப் போகலாமா என்று அம்மா கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல், அவருக்கு எது பிடிக்குமோ அதைச் செஞ்சு குடுங்க என்றார். அம்மா வெளியே வந்ததும், பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு, அவருக்குப் பிடிச்சது இந்தப் பயணம்தானே, கூட்டிட்டுப் போயிடலாம் என்றாள். பேருந்து வரும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். டாக்டர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு அறைக்குள்ளேயே புரிந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் அம்மா கேட்டுக்கொள்வது: அங்கே தங்குவதற்கு நீ பார்த்துவைத்திருக்கும் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றாய், அதை மாற்றித் தரைத்தளமாகப் பார். கழிப்பறை படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். முதல் நாள் ஆற்றங்கரை நடை, இரண்டாம் நாள் அருங்காட்சியகம், அப்புறம் கோபுரம் என்று நீ போட்ட திட்டத்தில் கோபுரத்தை எடுத்துவிடு, படி ஏறிப் பார்ப்பதைக் கீழே நின்றும் பார்க்கலாம். வாடகைக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று விசாரி, ஆனால் அப்பாவின் காதில் போட்டுவிடாதே, "பஸ் ஓட்டுனவனை வண்டியில வச்சுத் தள்ளுவியா" என்று குதிப்பார். நீ சொன்ன வாரத்தில் மரமெல்லாம் மொட்டையாகி மழையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் எதிர்வீட்டுக்காரியிடம் பெட்டியும் இரண்டு மழைக் கோட்டும் கடன் வாங்கி வைத்திருக்கிறாள். அதில் ஒன்று அப்பாவுக்குத் தொளதொளவென்று இருக்கிறது, போன வருஷம் அவர் இருந்த இருப்புக்கு அது பொத்தானே போட்டிருக்க முடியாது. உள்ளே தடியா ஸ்வெட்டர் போட்டாச் சரியாப் போயிடும் என்கிறாள்.

இதுவரை அவள் சொன்னது, நடுநடுவே நான் செருகியதும் உண்டு. அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருக்கிறாள், இனி எழுதுவது என்னுடையது. பள்ளியை விட்டபிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். அன்றைக்கு அப்பா கண்ணைத் திறந்து கதவுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம், எந்தப் பேருந்து வந்தாலும் ஓட்டுநர்கள் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள், அவரும் அசைத்தார். அப்போதுதான் சொன்னார், தான் வரப்போவதில்லை என்று. "கிளம்புற அன்னைக்குக் காலையில ஜுரம்னு படுத்துப்பேன். டிக்கெட் வீணாப் போகுது, நீங்க போங்கன்னு விரட்டிவிட்டுடுவேன். உங்கம்மா அந்த ஊரைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா, கல்யாணமான புதுசுல. லீவு போட்டுக் கூட்டிட்டுப் போக எனக்குத் துப்பில்லாமப் போச்சு. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றார். சாப்பாட்டு மேசையில் அந்த ஊர் வரைபடத்தை விரித்து, எந்த டிராமில் ஏறி எங்கே மாறவேண்டும் என்று பென்சிலால் கோடு போடுகிறாரே, அதெல்லாம் அவருக்கு இல்லை அக்கா, அம்மா வழி தவறிவிடக்கூடாது என்பதற்காக. அம்மாவிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸ்போல இருந்தது.

அவருடைய கணக்கு நடக்காது. அவர் ஜுரம் என்று படுத்தால் அம்மா அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிடுவாளே தவிர வாசல் தாண்டமாட்டாள். நீ அங்கே ரயிலடியில் நின்றுகொண்டிருப்பாய், அவர் இங்கே தன்னால் எல்லாம் கெட்டது என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் கிடங்கில் வருஷக் கடைசி வேலை தொடங்கிவிட்டால் உனக்கு லீவே கிடையாது என்று நீயே சொன்னாய். குளிர்காலம் முடியும்வரை அவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதவே கை கூசுகிறது, ஆனால் இந்த வீட்டில் யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த ஊரும் வேண்டாம், தரைத்தளமும் வேண்டாம். அந்த ஒரு வாரம் நீ இங்கே வா. எனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாய், நான் ஒன்றும் வேண்டாம் என்பேன். இப்போது இதைக் கேட்கிறேன்.

இத்தனை நேரமா என்னத்த எழுதுற, படி பாப்போம் என்று அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். என்னுடைய பகுதியை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை, முழுவதையும் படித்தேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. ஜுரம் என்ற இடம் வந்ததும், "நான் எப்ப ஊரைப் பாக்கணும்னு கேட்டேன்? அந்த ஊர்ல என்ன எனக்கு மாமியார் வீடா இருக்கு? என்னைக்கோ டிவி பாத்துக்கிட்டு வாய்தவறிச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு, மனுஷன் நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்திருக்காரே" என்று சத்தம்போட்டாள். பிறகு சத்தம் இறங்கிவிட்டது. டாக்டர் சொன்னதுக்கு அதுதான் அர்த்தமா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, தரைத்தளம், சக்கர நாற்காலி எல்லாத்தையும் அடிச்சிடு என்றாள். அடிக்கவில்லை, அவள் சொன்னது உனக்கும் தெரியட்டும்.

கடைசியாக அவள் சொல்வது: வீட்டை ரத்துசெய்துவிடு, லீவை மட்டும் ரத்துசெய்துவிடாதே, மேலாளரிடம் இன்றைக்கே உறுதிப்படுத்திக்கொள். வருவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் மூச்சுவிடாதே. நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விடு, தலை நனைந்தால் உடனே துவட்டு. உன் உடம்புக்கு ஒன்றும் வராமல், பிடித்த வேலையும் நிம்மதியான தூக்கமுமாக நீ நெடுநாள் இருக்கவேண்டும், எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
இடது கையால் கிறுக்கியிருக்கும் உன் அம்மா,
எழுதியவள் உன் தங்கை.

உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். கீழே படியில் அப்பாவின் சத்தம் கேட்டது. இரண்டாவது திருப்பத்தில் அவர் மூச்சு வாங்கி நின்றுவிடுவார், நாங்கள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது என்பதால் அந்த நேரத்தில் கதவைச் சாத்திவைப்போம். இன்றைக்கு அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.