கோட்டை மதிலிலிருந்து விழுந்தவளுக்கு

திரையில் புகை எழுந்ததும், தியேட்டரில் உட்கார்ந்திருந்த எனக்குச் சாக்கு எரிந்த நாற்றம் அடித்தது. கிளியூருக்கு மேலே, எஸ்டேட் மேட்டில் பலகையும் சாயமுமாய் ஒரு கோட்டை கட்டினார்களே, அங்கே கொளுத்திப்போட்ட சாக்கு.

படத்தில் அது எதிரிப்படை சூழ்ந்த நகரம். பட்டினி கிடந்தும் கதவைத் திறக்காத சனங்கள். அந்தச் சனங்களாக நிற்கத்தான் காப்பிப்பழம் பறிக்கிற நம்மைக் கூட்டிப்போனார்கள். மதில்மேல் ஏறியதும் நீ காலால் அழுத்திப் பார்த்தாய்.

"ஏனுங்க சார், செவுரு ஆடுதுங்க. முட்டுக் குடுங்க."

"ஒரே ஷாட்தாம்மா. நில்லு" என்றான் கீழே நின்ற உதவி இயக்குநர்.

நின்றாய். பலகை பிளந்தது. பாறையில் கிடந்த உன்னிடம் ஓடிவந்த என்னை, "கேமரா ஓடுது, உள்ள போகாதே" என்று பிடித்துக்கொண்டார்கள். பிடித்த கையைக் கடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில், மலைப்பாதை வளைவுகள் முடியும் முன்பே, என் மடியில் நீ போய்விட்டாய்.

மறுநாள், "அந்தம்மா சொன்ன பேச்சுக் கேக்கல" என்றார்கள் படக்காரர்கள். நம் ஊர் வாழவந்திப் பெண்கள் எல்லோரும் மலைப்பாதையில் உட்கார்ந்தோம். ஒரு வண்டியையும் விடவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு வேறெங்கோ போய்ப் படத்தை முடித்தார்கள்.

"அம்மா நடமாடறத ஒருக்காப் பாக்கோணும், பெரீம்மா" என்று உன் மகள் கேட்டாள். அதனால்தான் சேலத்துக்குக் கூட்டிவந்தேன். மதில்மேல் நீ தெரிந்ததும் என் கையைப் பற்றினாள். அடுத்த நொடி நீ விழுந்தாய். பாவிகள், நீ செத்ததையே படத்தில் வைத்திருக்கிறார்கள்! மேலே மேளம் வேறு. தியேட்டர் முழுக்க விசில்.

எழுந்து கத்தினேன்: "அது நடிப்பில்லீங்க! நெசமாவே செத்துப்போனா!"

"உக்காரும்மா, மறைக்குது" என்றது ஒரு குரல்.

மேனேஜர் வந்து எங்களை வெளியே அனுப்பினார். "படத்த நிறுத்த எனக்கு அதிகாரமில்லீங்க" என்றார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். உன் மகள் வரவில்லை. அடுத்த காட்சிக்கு வந்தவர்களை வாசலிலேயே ஒவ்வொருவராக மறித்தாள்.

"ஏனுங்க, ஒரு பொம்பள மதில்ல இருந்து விழுவாங்க. அப்ப விசிலடிக்காதீங்க. அது எங்கம்மா."

நானும் பக்கத்தில் நின்று உன் பேரைச் சொன்னேன். கதவு சாத்தினார்கள். உள்ளே அந்த மேளம் வந்தபோது இருவரும் கதவில் காதை வைத்துக் கேட்டோம். ஒரு விசில்கூட இல்லை.

உன் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு இன்னும் எரிகிறது, புள்ள. அந்தக் காட்சியை அவர்கள் வெட்டும்வரை அந்த வாசலில் நிற்பேன்.